சிங்கப் பாட்டின் வரலாறு

ஒரு பாட்டு நாடு விட்டு நாடு செல்வதற்குக் கடவுச்சீட்டு வேண்டுவதில்லை. கடலும் மலையும் அதற்குத் தடையாவதில்லை. மொழி அறியாதார் செவியிலும் அது புகும். பொருள் அறியாதார் நாவிலும் அது தங்கும். ஆயினும், பாட்டுச் சென்ற இடமெல்லாம் அதனை ஆக்கியோன் பெயரும் உடன் சென்றது என்று கூறுவதற்கில்லை. பாட்டுப் பல்லக்கில் ஏறிப் போக, பாடியவன் வழியிலேயே நின்றுவிடுதலும் உண்டு. இருபதாம் நூற்றாண்டில் உலகின் பல பகுதிகளிலும் பாடப்பெற்ற 'இம்பூபே' என்னும் பாட்டின் வரலாறு இவ்வுண்மையை நன்கு விளக்கும். 'இம்பூபே' என்பது சூலு மொழிச் சொல். சிங்கம் என்பது அதன் பொருள். அதனை ஆக்கியவர் சாலமன் லிண்டா என்னும் தென்னாப்பிரிக்கர்.

லிண்டா 1909ஆம் ஆண்டில் நேட்டால் மாநிலத்தில் பொமராய் என்னும் ஊரை அடுத்த சிற்றூர் ஒன்றில் பிறந்தார். அப்பகுதி சூலு மக்கள் வாழும் புல்வெளி நிலம். ஆனிரை மேய்த்தலே அங்கு வாழும் சிறுவர்களின் முதற்கல்வி. இளமையில் லிண்டாவும் அத்தொழில் புரிந்தவரே. கன்றுகளைக் கவர வரும் சிங்கத்தை ஆயர் சிறுவர்கள் விரட்டிய நினைவே பின்னாளில் அவர் பாட்டுக்குக் கருவாயிற்று என்பர். கிறித்தவத் தொண்டர்கள் நடத்திய பள்ளியில் அவர் பயின்றார். அங்கு மேலைநாட்டு வழிபாட்டுப் பாடல்களையும், பலர் கூடிப் பல சுருதியில் பாடும் முறையையும் கற்றார். ஊர்த் திருமணங்களிலும் விழாக்களிலும் கேட்ட பழைய சூலு இசை முன்னரே அவர் செவியில் நிறைந்திருந்தது. இவ்விரண்டும் அவரிடம் ஒன்று கலந்தன.

அக்காலத்தில் தென்னாப்பிரிக்காவில் ஆப்பிரிக்க மக்களின் நிலை இரங்கத்தக்கதாக இருந்தது. 1913ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற நிலச் சட்டம் நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பங்கை மட்டுமே அம்மண்ணின் மக்களுக்கு ஒதுக்கியது. ஆகவே, இளைஞர்கள் ஊரை விட்டுப் பொற்சுரங்கங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் பிழைப்புத் தேடிச் சென்றனர். 1886ஆம் ஆண்டில் பொன் கண்டறியப்பட்டதன் விளைவாகத் தோன்றி வளர்ந்த ஜோகன்னஸ்பர்க் நகரமே அவர்களுள் பெரும்பாலோர் சென்று சேர்ந்த இடம். அங்கு ஆப்பிரிக்க ஆடவர் ஒவ்வொருவரும் அனுமதிச் சீட்டு ஒன்றைக் கையில் வைத்திருத்தல் வேண்டும், இல்லையேல் சிறை. தம் நாட்டிலேயே சீட்டின்றி நடமாட இயலாத அம்மக்களுள் ஒருவராக, 1931ஆம் ஆண்டில் லிண்டாவும் அந்நகருக்கு வந்தார்.

தொழிலாளர் விடுதிகளில் ஆடவர் பலர் ஒருங்கே தங்கியிருந்தனர். வாரம் முழுதும் உடல் நோக உழைத்த அவர்களுக்குச் சனிக்கிழமை இரவே இன்பம் தரும் பொழுது. அன்று பாட்டுக் குழுக்கள் ஒன்றோடொன்று போட்டியிடும். இசைக்கருவி வாங்கப் பொருள் இல்லாத அவர்களுக்கு மிடறே கருவியாயிற்று. லிண்டா முதலில் தம் உறவினர் நடத்திய 'மாலைப் பறவைகள்' என்னும் குழுவில் பாடினார். அக்குழு 1933ஆம் ஆண்டில் கலைந்தபின், தம் ஊரார் சிலரைச் சேர்த்துக்கொண்டு அதே பெயரில் புதிய குழு ஒன்றை அமைத்தார். நல்ல மேலங்கியும் தொப்பியும் பளபளக்கும் காலணியும் அணிந்து அவர்கள் மேடை ஏறுவர். கீழ்க் குரலில் பாடுவோரைப் பிற குழுக்களினும் மிகுதியாகச் சேர்த்து, அதன் மேல் தம் உச்சக் குரலைப் பறக்கவிட்டதே லிண்டா கண்ட புதுமை. அடியில் இடி போன்ற முழக்கமும், மேலே குயில் போன்ற ஒலியும் சேர்ந்து கேட்போரை மயக்கின.

இங்கிலாந்திலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வந்த இசைத்தட்டுகளே அந்நாளில் ஆப்பிரிக்கக் கடைகளில் மிகுதியும் விற்றன. உள்நாட்டு இசைக்கும் மதிப்பு உண்டு என்பதை உணர்ந்த எரிக் காலோ என்னும் வணிகர் ஜோகன்னஸ்பர்க்கில் ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றை அமைத்தார். சகாராப் பாலைக்குத் தெற்கே முதன்முதல் தோன்றிய ஒலிப்பதிவுக் கூடம் அதுவே என்பர். பாடகர்களைத் தேர்ந்தெடுத்துப் பதிவை நடத்தும் பொறுப்பைக் கிரிபித்ஸ் மொட்சியலோவா என்னும் ஆப்பிரிக்கக் கலைஞர் ஏற்றிருந்தார். லிண்டா அந்நிறுவனத்தில் இசைத்தட்டுகளைப் பொதி கட்டும் பணியாளராக இருந்தார். அவரது குழுவின் திறமை மொட்சியலோவாவின் செவிக்கு எட்டியது.

1939ஆம் ஆண்டில் 'மாலைப் பறவைகள்' ஒலிப்பதிவுக் கூடத்துள் நுழைந்தனர். அக்காலத்து ஒலிப்பதிவு முறை இக்காலத்ததைப் போன்றதன்று. பிழையுற்ற பகுதியை வெட்டி நீக்கவோ, ஒருவர் குரலைத் தனியே பதிந்து பின்னர்ச் சேர்க்கவோ அன்று வழியில்லை. அனைவரும் ஒலிவாங்கியின் முன் நின்று, தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே மூச்சில் பாடி முடித்தல் வேண்டும். நிமிடத்திற்கு 78 முறை சுழலும் அக்காலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடப் பாட்டே அடங்கும். குழுவினர் 'இம்பூபே' பாட்டை முதன்முறை பாடினர். அது சரியாக அமையவில்லை. இரண்டாம் முறையும் நன்கு அமையவில்லை. மொட்சியலோவா, பியானோ, கிதார், பாஞ்சோ ஆகியவற்றை இசைப்போரை அழைத்துத் துணை சேர்த்து, மூன்றாம் முறை பாடச் செய்தார்.

பாட்டின் சொற்கள் மிகச் சிலவே. சிங்கத்தைக் குறித்த சூலு மொழித் தொடர் ஒன்றைக் குழுவினர் மீண்டும் மீண்டும் முழங்க, லிண்டா அதன் மேல் தம் உச்சக் குரலில் விரும்பியவாறு இசை பின்னிச் சென்றார். மூன்றாம் பதிவு முடியும் தறுவாயில், முன்னர்ப் பாடியிராத ஓர் இன்னிசை அவர் மிடற்றிலிருந்து எழுந்தது. முன்கூட்டி எழுதி வைத்ததன்று, அந்நொடியில் பிறந்தது. சில நொடிகளே நீடித்த அவ்விசைதான் பின்னர் உலகெங்கும் கோடிக்கணக்கானோர் செவியில் ஒலித்தது.

இசைத்தட்டு வெளிவந்தது, தென்னாப்பிரிக்காவெங்கும் பரவியது. 1940களின் இறுதிக்குள் ஏறத்தாழ 1,00,000 தட்டுகள் விற்றன என்பர். லிண்டாவின் பாணியைப் பின்பற்றிப் பல குழுக்கள் தோன்றின. அப்பாணிக்கே 'இம்பூபே' என்பது பெயராயிற்று. ஆனால், பாட்டின் உரிமையை நிறுவனத்திற்கு விட்டுக்கொடுத்ததற்கு லிண்டா பெற்ற தொகை 10 சில்லிங் என்றே கூறப்படுகிறது. அது ஒரு பவுனில் பாதி. தம் பாட்டை விற்றுப் பொருளீட்டிய நிறுவனத்திலேயே அவர் தொடர்ந்து கூலியாளாக உழைத்து வந்தார். 'உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது' என்னும் பழமொழி உழவர்க்கு மட்டும் உரியதன்று போலும்.

இவ்விடத்தில் பாட்டின் உரிமை என்பது யாது எனத் தெளிதல் வேண்டும். நிலத்திற்கு எல்லை உண்டு. பொன்னுக்கு எடை உண்டு. பாட்டுக்கோ கண்ணால் காணத்தக்க உருவம் இல்லை. எனினும், அதுவும் ஒருவரது உழைப்பின் விளைவே ஆதலின், அதனையும் சட்டம் ஒரு சொத்தாகக் கருதுகின்றது. ஒருவர் ஆக்கிய இசையையோ சொல்லையோ பிறர் தட்டிற் பதிந்து விற்கவும், வானொலியில் ஒலிபரப்பவும், படத்திற் சேர்க்கவும் விரும்பினால் உரிமையாளரின் இசைவு பெற்று, அதற்கென ஒரு தொகை தருதல் வேண்டும். அதனை உரிமைத்தொகை என்பர். ஒரு தட்டுக்கு அது மிகச் சிறிதாக இருக்கலாம். இலட்சக்கணக்கான தட்டுகள் விற்கும்போது சிறுதுளி பெருவெள்ளமாகும். உரிமையை முற்றிலும் விற்றுவிட்டவருக்கோ வெள்ளம் பெருகினும் ஒரு துளியும் வந்து சேராது.

'இம்பூபே' கடல் கடந்த கதை இனித் தொடங்குகின்றது. நாட்டுப்புறப் பாடல்களைத் திரட்டுவதில் பெயர் பெற்ற ஆலன் லோமாக்ஸ் என்னும் அமெரிக்க அறிஞரிடம் ஆப்பிரிக்க இசைத்தட்டுகள் சில வந்து சேர்ந்தன. அவர் அவற்றைத் தம் நண்பரும் பாடகருமான பீட் சீகரிடம் கொடுத்தார். லிண்டாவின் குரலைக் கேட்ட சீகர் வியப்பில் ஆழ்ந்தார். தட்டைத் திரும்பத் திரும்பச் சுழலவிட்டுப் பாட்டை எழுதிக்கொண்டார். சூலு மொழி அறியாத அவர் செவிக்கு, சிங்கத்தைக் குறித்த அம்மொழித் தொடர் 'விமோவே' என்று கேட்டது. அப்பொருளற்ற ஒலியே பாட்டின் புதிய பெயராயிற்று. 'வீவர்ஸ்' என்னும் அவரது குழு 1951ஆம் ஆண்டின் இறுதியில் அதனைப் பதிவு செய்தது. மறு ஆண்டில் அது அமெரிக்க மக்களின் பேராதரவைப் பெற்றது.

அமெரிக்கத் தட்டில் ஆக்கியோன் பெயர் 'பால் கேம்பெல்' என்றிருந்தது. அப்பெயருடையார் எவரும் இலர். அக்குழுவினருக்காகப் பதிப்பகத்தார் வழங்கிய புனைபெயர் அது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பாட்டு ஆதலின், ஆக்கியோன் அறியப்படாத பழம்பாட்டு எனப் பலரும் எண்ணினர். இங்ஙனம் எண்ணுதல் எளிது. அதனால் விளையும் கேடோ பெரிது. ஏழையொருவன் ஆக்கிய பாட்டு 'நாட்டுப்புறப் பாட்டு' என்னும் பெயரைப் பெற்றவுடன் ஊர்ப்பொதுச் சொத்தாகிவிடும்; அதனைத் திருத்தியமைத்தவரோ அதன் உரிமையாளர் ஆவார். காலோ நிறுவனமும் அமெரிக்காவில் உரிமை கோரிப் போராடவில்லை. தென்னாப்பிரிக்கா முதலிய சில நாடுகளில் பாட்டை நிருவகிக்கும் உரிமையைப் பெற்று அமைந்துவிட்டது. ஆக்கியவர் உயிருடன் இருப்பதை அறிந்தபின் தாம் 1,000 டாலர் அனுப்பியதாகவும், தொடர்ந்து அவருக்குத் தொகை சென்று சேர்வதாகவே நம்பியிருந்ததாகவும் சீகர் பின்னாளில் கூறினார். நல்லெண்ணம் மட்டும் போதாது. அது நிறைவேறிற்றா என உசாவி அறிதலும் வேண்டும் என்பதற்கு இது சான்று.

1961ஆம் ஆண்டில் பாட்டு மற்றொரு வடிவம் கொண்டது. 'டோக்கன்ஸ்' என்னும் இளைஞர் குழுவுக்காக, ஜார்ஜ் வைஸ் முதலிய மூவர் அதற்கு ஆங்கிலச் சொற்களை அமைத்தனர். காட்டில் சிங்கம் அமைதியாக உறங்குவதைப் பாடும் அப்பாட்டுக்கு, 'இன்றிரவு சிங்கம் உறங்குகிறது' எனப் பொருள்படும் ஆங்கிலத் தலைப்பு இடப்பெற்றது. லிண்டா மூன்றாம் பதிவின் முடிவில் அந்நொடியே பின்னிய இன்னிசைதான் இப்புதிய பாட்டின் முதன்மை மெட்டாயிற்று. பாடியவர்களே அதனிடம் பெரிய நம்பிக்கை கொள்ளவில்லை; இசைத்தட்டின் மறுபக்கத்திற்கு உரியதாகவே அது வெளியிடப்பட்டது. மக்களோ அதனையே விரும்பிக் கேட்டனர். 1961 டிசம்பரில் அமெரிக்கப் பாடல் வரிசையில் அது முதலிடம் பெற்று, மூன்று வாரங்கள் அவ்விடத்தில் நிலைத்தது.

அவ்வமயம் லிண்டா யாண்டு இருந்தார்? ஜோகன்னஸ்பர்க்கை அடுத்த சோவெட்டோவில் ஒரு சிறு வீட்டில் நோயுற்று வாழ்ந்துகொண்டிருந்தார். சாணத்தால் மெழுகிய மண் தரையே அவ்வீட்டில் அவர் மக்கள் உறங்கிய இடம். 1959ஆம் ஆண்டில் மேடையில் பாடிக்கொண்டிருந்தபோதே அவர் மயங்கி வீழ்ந்திருந்தார். 1962ஆம் ஆண்டில் சிறுநீரக நோயால் அவர் உயிர் நீத்தார். வங்கியில் அவர் விட்டுச் சென்ற பொருள் 25 டாலருக்கும் குறைவு. கணவரின் கல்லறைக்கு ஒரு பெயர்க்கல் நடவும் மனைவியாரிடம் பொருள் இல்லை. 18 ஆண்டுகள் கழிந்த பின்னரே அக்கல் நடப்பெற்றது.

ஆக்கியோன் மறைந்தான், பாட்டு வளர்ந்தது. பல நாட்டுப் பாடகர் பல மொழிகளில் அதனைப் பாடினர். 1994ஆம் ஆண்டில் வெளிவந்த 'லயன் கிங்' என்னும் டிஸ்னி நிறுவனத்தின் சித்திரப்படத்தில் அது இடம்பெற்றது. அப்படத்தைக் கண்டு மகிழ்ந்த சிறுவர் சிறுமியர் கணக்கற்றவர். 2000ஆம் ஆண்டில் ரையன் மாலன் என்னும் தென்னாப்பிரிக்க எழுத்தாளர், இப்பாட்டின் வரலாற்றை அடி முதல் ஆராய்ந்து 'ரோலிங் ஸ்டோன்' என்னும் அமெரிக்க இதழில் விரிவாக எழுதினார். 'லயன் கிங்' வாயிலாக மட்டும் அப்பாட்டு 1.5 கோடி டாலர் ஈட்டியிருக்கக்கூடும் என்று அவர் மதிப்பிட்டார். லிண்டாவின் மகளிரோ அப்பொழுதும் வறுமையில் வாடினர்.

விற்ற பொருளை மீட்க இயலுமா? இவ்வினாவுக்கு விடை, பிரித்தானியப் பேரரசு 1911ஆம் ஆண்டில் இயற்றிய பதிப்புரிமைச் சட்டத்தில் இருந்தது. ஆக்கியோன் தன் வாழ்நாளில் உரிமையை எவருக்கு விற்றிருப்பினும், அவன் இறந்து 25 ஆண்டுகள் கழிந்தபின் அவ்வுரிமை அவனுடைய வழித்தோன்றல்களையே சென்று சேரும் என்பது அச்சட்டத்தின் ஒரு விதி. புகழ் பெற்ற நாவலாசிரியர் பெயரால் அதனை 'டிக்கன்ஸ் விதி' என வழங்குவதும் உண்டு. நூலாசிரியர்களும் கலைஞர்களும் இளமையிலும் வறுமையிலும் தம் படைப்புகளை அற்ப விலைக்கு விற்றுவிடுவதை அறிந்தே சட்டம் இயற்றியோர் அவ்விதியைச் சேர்த்தனர். இந்தியாவில் 1914ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற பதிப்புரிமைச் சட்டமும் இச்சட்டத்தைத் தழுவியதே. லிண்டா இறந்தது 1962இல். ஆகவே, 1987ஆம் ஆண்டு முதல் அப்பேரரசுக்கு உட்பட்டிருந்த நாடுகளில் 'இம்பூபே'யின் உரிமை அவர் வழியினரைச் சேர்ந்ததாதல் வேண்டும். ஓவன் டீன் என்னும் தென்னாப்பிரிக்க வழக்கறிஞர் இதனை எடுத்துக்காட்டினார்.

2004ஆம் ஆண்டில் லிண்டாவின் குடும்பத்தார் சார்பில், தென்னாப்பிரிக்காவில் டிஸ்னி நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. அயல்நாட்டு நிறுவனத்தைத் தம் நாட்டு நீதிமன்றத்தின் முன் நிறுத்துவது எங்ஙனம்? அந்நிறுவனத்திற்குத் தென்னாப்பிரிக்காவில் பதிவு செய்யப்பெற்ற வணிகச் சின்னங்கள் பல இருந்தன. நீதிமன்றத்தின் ஆணையால் அவை வழக்கின் பொருட்டுப் பிணைக்கப்பட்டன. சிறுவர் யாவரும் அறிந்த மிக்கி எலியின் உருவமும் அவற்றுள் அடங்கும். எலியைப் பிணையாகக் கொண்டு சிங்கத்தின் வழக்கு நடைபெற்றது எனலாம்.

வழக்கு விசாரணைக்கு வருமுன், 2006 பிப்ரவரியில், பாட்டின் பதிப்பகத்தாருடன் உடன்பாடு ஏற்பட்டது. ஆங்கிலப் பாட்டு 'இம்பூபே'யிலிருந்து பிறந்ததே என்பதும், சாலமன் லிண்டா அதனை ஆக்கியோருள் ஒருவர் என்பதும் ஒப்புக்கொள்ளப்பட்டன. 1987ஆம் ஆண்டு முதல் சேரவேண்டிய தொகையைக் குடும்பத்தாருக்கு வழங்கவும் இசைவு ஏற்பட்டது. அத்தொகையைப் பேணுவதற்கு ஓர் அறக்கட்டளையும் அமைக்கப்பட்டது. தொகை இவ்வளவு என்பது வெளியிடப்படவில்லை. பாட்டுப் பிறந்த 67 ஆண்டுகளுக்குப் பின்னரே அதன் தந்தையின் பெயர் அதனுடன் சேர்ந்தது.

இவ்வரலாற்றில் ஒன்றை நடுவுநிலையில் நின்று நோக்குதல் வேண்டும். சீகர் பாட்டை எழுதிக்கொள்ளாதிருந்தால் அது அமெரிக்காவை எட்டியிராமற் போயிருக்கலாம். வைஸ் முதலியோர் அமைத்த சொற்களும், டோக்கன்ஸ் குழுவினர் பாடிய முறையும் அதன் புகழுக்குத் துணை செய்தன. ஒரு நாட்டு இசை பிற நாட்டாரால் விரும்பி ஏற்கப்படுவதும், புதுவடிவம் பெறுவதும் கலை வளரும் வழிகளே. ஒரு விளக்கிலிருந்து மற்றொரு விளக்கை ஏற்றுதலால் முதல் விளக்கின் ஒளி குறைவதில்லை. ஆயின், முதல் விளக்கை ஏற்றியவன் இருளில் வாடும்படி விடுதல் அறமாகாது. பின்வந்தோர் உழைப்புக்குக் கூலி உண்டெனில், முன்னவன் உழைப்புக்கும் அது உண்டு.

லிண்டா தொடங்கிய பாணி அவருடன் மறையவில்லை. மென்மையாக அடியெடுத்து வைத்து ஆடியவாறே பாடும் 'இசிக்கதாமியா' என்னும் கலையாக அது வளர்ந்தது. ஜோசப் ஷபலாலா நிறுவிய 'லேடிஸ்மித் பிளாக் மம்பாசோ' என்னும் குழு 1980களில் அக்கலையை உலக மேடைகளில் ஏற்றியது; 1988ஆம் ஆண்டில் அமெரிக்காவின் உயரிய இசைப் பரிசான கிராமியையும் வென்றது. நேட்டாலின் புல்வெளியில் மாடு மேய்த்த ஒரு சிறுவனின் குரல் அக்குழுவினரின் மிடற்றிலும் உயிர் பெற்று ஒலித்தது.

இன்பம் தரும் பாட்டைக் கேட்போர் அதனைப் பாடி மகிழ்வர், அது இயல்பே. அதனை ஆக்கியோர் யாவர், அவர் உழைப்புக்கு உரிய பயன் அவரைச் சேர்ந்ததா என உசாவுவோர் சிலரே. அச்சிலரால்தான் லிண்டாவின் பெயர் மீண்டது. கழனியில் விளைந்த நெல்லை உண்போர் உழவனை நினைத்தல் எவ்வளவு முறையோ, பாட்டைச் சுவைப்போர் பாவலனை நினைத்தலும் அவ்வளவு முறையாகும்.